யார் கலப்பு? எது அழகு?

உத்திரமேரூர் தாலுகாவிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து விவசாயத் தோழர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். தமது பெயரையும் ஊரின் பெயரையும் வெளியிட வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதால் அவைகளை விட்டுவிட்டு, சங்கதியை மாத்திரம் வாசகர்கள் முன் வைக்கிறோம். மேலுக்குப் பார்த்தால் இது ஒரு குடும்பத்தின் சொந்த விவகாரம் போல் தோன்றும். யோசித்துப் பார்த்தால் நம் நாட்டில் பெண் பெற்ற ஒவ்வொரு வீட்டின் விவகாரமும் இதுவே என்பது விளங்கும்.

தோழருடைய தம்பி பல வருஷங்களுக்கு முன் பிழைப்புக்காக மலேசியாவுக்குப் போனவர். பினாங்கில் வேலை பார்த்தபோது அங்கேயே ஒரு பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டார். அந்த அம்மாள் சீனப் பெற்றோருக்கு 1962-ல் பிறந்தவர். சீனர்களுடைய பஞ்சாங்கப்படி அது புலி வருஷம். புலி வருஷத்தில் பிறக்கும் பெண் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவர்களுக்குள் இருந்துவந்த ஒரு மூடநம்பிக்கை. நம்மவர்கள் மூல நட்சத்திரத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது என்பதில்லையா, அதைப் போன்றதுதான். இந்த நம்பிக்கையாலும், அதைவிட அதிகமாக வறுமையாலும், அக்காலத்து மலேயாவில் எத்தனையோ சீனக் குடும்பங்கள் தங்கள் பெண் குழந்தைகளைப் பிறருக்குக் கொடுத்துவிட்டன. அவர்களில் பலரைத் தமிழ்க் குடும்பத்தார் வாங்கித் தங்கள் பிள்ளைகளோடு பிள்ளைகளாக வளர்த்தார்கள். இந்த அம்மாளும் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ் வீட்டில் வளர்ந்து, தமிழ் பேசி, புடவை கட்டி, தமிழரையே மணந்தவர். தம்பியும் அவர் மனைவியும் தங்கள் ஒரே பெண்ணுக்குப் பத்து வயதானபோது ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அந்தப் பெண் உத்திரமேரூரில் படித்து, இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குத் தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள்.

தோழருக்கும் ஒரு பெண் உண்டு. பி.எஸ்சி. தேறிய பெண். அவளைப் பார்க்க ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சொஜ்ஜி பஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போய், "ஜாதி, ஜாதகம் எல்லாம் பொருத்தம்தான், ஆனால் பெண் நிறம் கம்மி, 10 பவுன் கூடப் போட்டால் யோசிக்கலாம்" என்று சொல்லியனுப்பினார்கள். அதோடு நிற்கவில்லை. "தண்ணீர் கொண்டுவந்து வைத்ததே ஒரு சிவப்புப் பெண், அது யார்? அதுவானால் பையனுக்கு எடுப்பாயிருக்கும்" என்றும் கேட்டார்களாம். தம்பி மகள் என்று சொன்னதும் வெகு சந்தோஷம். தாயார் பிறப்பால் சீனர் என்று சொன்னதும், "ஐயையோ, ஜாதி தெரியாத கலப்பா! வேண்டவே வேண்டாம், அப்போதே நினைத்தோம், கண்கூடச் சின்னதாயிருக்கிறது" என்று பதில் வந்ததாம்.

ஆகவே அந்த ஒரே வீட்டில், ஜாதி இருக்கிற பெண்ணுக்கு நிறமில்லை. நிறமிருக்கிற பெண்ணுக்கு ஜாதியில்லை. இரண்டு பெண்களும் ஒரே நாளில் தள்ளப்பட்டுவிட்டார்கள். தள்ளிய பையனுடைய நிறம் என்ன, கண் என்ன அளவு என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தம்பி மகள் பினாங்கில் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, கூடப் படித்த சீனப் பெண்கள் அவளைக் "கறுப்பி" என்று கேலி செய்வார்களாம். அதே பெண்ணை உத்திரமேரூர்ப் பள்ளிக்கூடத்தில் "வெள்ளைக்காரி" என்றார்கள். பெண் ஒருத்திதான், தோலும் ஒன்றுதான். கப்பல் ஏறும்போது கறுப்பாயிருந்தவள் இறங்கும்போது வெளுப்பாகிவிட்டாளென்றால், மாறியது அவளா, பார்க்கிறவன் கையிலிருந்த அளவுகோலா என்று கேட்கிறோம். ஒரு படி நெல்லை ஒரு கடையில் அளந்தால் முக்கால் படியும் இன்னொரு கடையில் அளந்தால் ஒன்றேகால் படியும் வருமானால், யாராவது நெல்லைக் குறை சொல்லுவார்களா? படியைத்தானே சந்தேகிப்பார்கள்? நெல்லுக்கு உள்ள இந்த நியாயம்கூட நம் பெண்களுக்கு இல்லை.

அழகு என்பது எங்கோ ஆகாயத்திலிருந்து எல்லோருக்கும் பொதுவாக இறங்கிய ஒரு சட்டம் என்று நினைப்பவர்கள் ஆசியாக் கண்டத்தைக் கொஞ்சம் சுற்றிப் பார்க்கட்டும். ஜப்பானில் பல நூற்றாண்டுகளாகப் பெரிய இடத்துப் பெண்களும் கலியாணமான பெண்களும் இரும்புச் சத்து சேர்ந்த மையைப் பூசிப் பற்களைக் கறுப்பாக்கிக் கொண்டார்கள். வெள்ளைப் பல் அங்கே நாகரிகமற்றதாயிருந்தது. 1870-ல் அரசாங்கம் பிரபு குடும்பத்தாருக்கு இதைத் தடை செய்து, 1873-ல் மகாராணியே கறுப்புப் பல்லை விட்டுவிட்ட பிறகு, வெள்ளைப் பல் அழகாகிவிட்டது. சீனாவில் சிறு பெண்களின் பாதத்தை இறுக்கிக் கட்டி எலும்பை ஒடித்துச் சிறிதாக்கி, நடக்க முடியாத காலை அழகான கால் என்றார்கள். 1912-ல் குடியரசு அதைத் தடுத்தது. பர்மாவில் கயான் வகுப்புப் பெண்கள் கழுத்தில் பித்தளை வளையங்களை அடுக்கிக் கழுத்தை நீளமாகக் காட்டிக்கொண்டார்கள். இன்றைக்குத் தென் கொரியாவில் கண் இமையில் ஒரு மடிப்பு வேண்டுமென்று ஆபரேஷன் செய்துகொள்ளுகிறார்கள்.

நம் கதை மாத்திரம் என்ன வாழ்ந்தது? தென் ஜில்லாக்களில் காதைத் துளைத்து, இழுத்து, தோளில் படும்படி வளர்த்து, பாம்படமும் தண்டட்டியும் தொங்கவிட்டால்தான் பெண் லட்சணம் என்றிருந்தது. காது வளர்க்காத பெண்ணுக்குக் கலியாணமாகாது என்று பாட்டிமார் பயந்தார்கள். பிறகு ஒரு காலம் வந்தது. வளர்த்த காதோடு பட்டணத்துக்குப் போனால் சிரிக்கிறார்கள் என்று அந்தப் பாட்டிமாரின் பேத்திகள் வைத்தியரிடம் போய் அதே காதை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். முகம் நிறைய மஞ்சள் பூசுவது நமக்கு மங்களம். அதை அறியாத தேசத்தான் ஒருவன் பார்த்தால் காமாலை கண்டதோ என்று பயப்படுவான். பர்மாக்காரி மரப்பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசியிருப்பதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆகவே அழகு என்பது பழக்கம். பழக்கம் மாறினால் அழகும் மாறும். ஆனால் எந்த ஊர்ப் பழக்கமானாலும் எலும்பு ஒடிந்ததும், காது அறுந்ததும், கழுத்து நொந்ததும் பெண்ணுக்குத்தான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

நிற்க, வெளுப்பு நிறத்துக்கு மாத்திரம் எப்படி இவ்வளவு மதிப்பு வந்தது? வெள்ளைக்காரன் ஆண்டதால் வந்தது என்று நம்மில் பலர் சொல்லுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. வெள்ளைக்காரன் ஆளாத ஜப்பானிலும், அவன் காலடி வைக்காத காலத்துச் சீனாவிலும் வெளுத்த முகத்துக்கே மதிப்பிருந்தது. ஜப்பானில் ஈயம் கலந்த வெள்ளைப் பொடியைப் பூசி, விஷமேறி நோயில் விழுந்த நடிகர்கள் உண்டு. காரணம் வெகு சுலபமானது. வெயிலில் நாற்று நட்டவள் கறுத்தாள். நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டவள் வெளுத்திருந்தாள். எனவே வெளுப்பு என்பது "நான் உழைக்காமல் சாப்பிடுகிறவள்" என்பதற்கு ஒரு விளம்பரப் பலகையாயிற்று. நம் நாட்டில் அதன்மேல் ஜாதியும் ஏறிக்கொண்டது. பிறகு வெள்ளைக்கார எஜமானனும் ஏறிக்கொண்டான். உழைப்பவனைக் கேவலமாய் நினைக்கிற இடத்தில் உழைப்பின் நிறமும் கேவலமாய்த்தானே தோன்றும்? நம் தோழர் வீட்டுப் பெண் விடுமுறை நாட்களில் தகப்பனாரோடு கழனியில் இறங்கி வேலை செய்கிறவள். அவள் உழைப்பில் விளைந்த நெல் யாருக்கும் கசக்கவில்லை. அந்த உழைப்பு அவள் தோலுக்குக் கொடுத்த நிறம்தான் கசக்கிறது.

இன்னும் வேடிக்கை என்னவென்றால், ராமன் கறுப்பு, கிருஷ்ணன் கறுப்பு, காளி கறுப்பு, பாரதத்துத் துரோபதை கறுப்பு என்று இவர்களே சொல்லுகிறார்கள். கறுப்புச் சாமிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வெளியே வந்து, "பெண் சிவப்பாயிருக்க வேண்டும்" என்று பத்திரிகையில் விளம்பரம் செய்கிறார்கள். "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று பழமொழியும் சொல்லுகிறார்கள். பழமொழி பாட்டி வாயில். விளம்பரம் பேரன் கையில்!

இந்தப் பலவீனத்தை வியாபாரிகள் வெகு நன்றாய்த் தெரிந்துகொண்டார்கள். 1975-ல் நம் நாட்டில் "பேர் அண்ட் லவ்லி" என்ற பசை விற்பனைக்கு வந்தது. வெளுப்பாயிருப்பதும் அழகாயிருப்பதும் ஒன்றே என்ற பாடத்தை அதன் பெயரே ஒவ்வொரு வீட்டிலும் நடத்தியது. 45 வருஷம் கழித்து, அமெரிக்காவில் கறுப்பர்களின் கிளர்ச்சி உலகமெங்கும் பரவிய 2020-ல், அந்தப் பெயர் வெட்கப்படத்தக்கதென்று தோன்றி "க்ளோ அண்ட் லவ்லி" என்று மாற்றப்பட்டது. பெயர்ப் பலகைதான் மாறியது, கடை மாறவில்லை. இதைவிட மோசமானவை முகவரி இல்லாமல் விற்கப்படும் பசைகள். அவைகளில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் தோலின் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறதென்பது வைத்தியர்கள் கண்ட உண்மை. பல்லைக் கறுப்பாக்கியவர்களையும் காலை ஒடித்தவர்களையும் பார்த்துச் சிரித்த நாம், மகளுடைய சிறுநீரகத்தை விற்று மாப்பிள்ளை வாங்கப் பார்க்கிறோமே, இதற்கு யார் சிரிப்பது?

தோலின் நிறம் என்பது வெயிலின் கடுமைக்குத் தக்கபடி உடம்பு பிடித்துக்கொண்ட குடை. மெலனின் என்னும் கறுப்புச் சாயம் நம் தோலில் அதிகமாயிருப்பது சூரியனுடைய கெட்ட கதிர்களிலிருந்து நம்மைக் காப்பதற்காக. அந்தச் சாயத்தை உண்டாக்கும் உயிரணுக்கள் வெள்ளைக்காரன் தோலிலும் நம் தோலிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை எவ்வளவு சாயம் ஊற்றுகின்றன என்பதில்தான் வித்தியாசம். இதில் உயர்வென்ன, தாழ்வென்ன?

இனி கலப்பு என்கின்ற விஷயத்துக்கு வருவோம். கலப்பு என்ற சொல்லை ஒரு வசவாக்கியது யார்? மனுதர்மத்தின் 10-வது அத்தியாயத்தைப் பார்த்தால் தெரியும். இன்ன ஜாதி ஆணுக்கும் இன்ன ஜாதிப் பெண்ணுக்கும் பிறந்தவன் இன்ன பெயருடையவன், இன்ன தொழில் செய்ய வேண்டும், ஊருக்கு வெளியே இருக்க வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியலே அங்கிருக்கிறது. கீதையின் முதல் அத்தியாயத்தில் அருச்சுனன் பயப்படுவதும் இந்த வருணக் கலப்புக்குத்தான். பெண்கள் கெட்டால் வருணம் கலந்துவிடும் என்கிறான். மாப்பிள்ளை வீட்டார் வாயிலிருந்து வந்த "ஐயையோ, கலப்பா!" என்பது அவர்களுடைய சொந்தச் சொல்லல்ல. யாரோ தங்கள் சௌகரியத்துக்காக எழுதி வைத்ததை, அதனால் தாங்களே தாழ்த்தப்பட்டவர்கள் என்பதுகூடத் தெரியாமல், இவர்கள் திருப்பிச் சொல்லுகிறார்கள்.

இதற்குப் பிறகு வெள்ளைக்காரன் ஒரு கருவியோடு வந்தான். ரிஸ்லி என்னும் அதிகாரி 1891-ல், மூக்கு அகலமாக அகலமாக ஜாதி தாழ்ந்து போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சென்னை மியூசியத்துக்குத் தலைவராயிருந்த தர்ஸ்டன் இந்த ஜில்லாக்களெல்லாம் சுற்றி மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். அவர் 1909-ல் வெளியிட்ட ஏழு பெரிய புத்தகங்களில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. மலேயாப் பக்கத்து ஜெயில்களில் இடம் போதாமல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் சிலர் விடுதலையான பின், நீலகிரியில் ஊட்டிக்கும் கூடலூருக்கும் நடுவிலுள்ள நடுவட்டத்தின் பக்கத்தில் குடியேறி, தாழ்த்தப்பட்ட வகுப்புத் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டும் மாடு வைத்தும் யோக்கியமாகப் பிழைத்து வந்தார்கள் என்பதே அது. அக்குழந்தைகளின் நிறம் தகப்பனைக் கொண்டதா தாயைக் கொண்டதா, கண் எப்படி, மூக்கு எப்படி, கன்னத்து எலும்பு எப்படி என்றெல்லாம் அவர் எழுதி வைத்தார். ஊராரும் அரசாங்கமும் ஒதுக்கிய இரண்டு கூட்டத்தார் ஒருவரையொருவர் மனிதராக மதித்துக் குடும்பம் நடத்தினார்களே, அந்தப் பெருமையை அளக்க அவரிடம் கருவி இல்லை. மூக்கை அளக்கத்தான் இருந்தது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் உத்திரமேரூர்ப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து "கண் சின்னது" என்று சொன்னவர், கருவி இல்லாத தர்ஸ்டன்தானே?

"கலந்தால் நம் பாஷை, பழக்கம் எல்லாம் போய்விடாதா?" என்று சில கனவான்கள் கவலைப்படுகிறார்கள். அதற்கும் ஒரு உதாரணம் சொல்லுகிறோம். 15-வது நூற்றாண்டில் மலாக்காவுக்கு வியாபாரத்துக்குப் போன தமிழர்கள் அங்குள்ள மலாய், ஜாவா, சீனப் பெண்களை மணந்து தங்கிவிட்டார்கள். அவர்களுடைய சந்ததியார் மலாக்காச் செட்டிகள் என்ற பெயரில் இன்றும் இருக்கிறார்கள். வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும். கோயிலும் பொங்கலும் மாத்திரம் விடவில்லை. அதாவது பாஷை போய்விட்டது, பூசை நிற்கிறது. இதற்கு நேர்மாறாக, நம் கடிதக்காரரின் தம்பி மனைவியோ சீன ரத்தத்தில் பிறந்து தமிழையே தாய்ப்பாஷையாகக் கொண்டவர். எனவே பாஷை ரத்தத்தில் ஓடுகிறதில்லை, வாயில் இருக்கிறது. பேசினால் இருக்கும், பேசாவிட்டால் போகும். கலப்பே இல்லாத எத்தனை வீடுகளில் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதத் தெரியவில்லையென்பதை இந்தக் கனவான்கள் தங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சர்க்காரும் சட்டமும்கூட இந்த விஷயத்தில் நேராக நடந்துகொண்டதாகச் சொல்லுவதற்கில்லை. நம் அரசியல் சட்டத்தின் 366-வது பிரிவில் ஆங்கிலோ இந்தியர் யார் என்று சொல்லியிருக்கிறது. தகப்பன் வழியில் ஐரோப்பிய ஆண் ஒருவன் இருந்திருக்க வேண்டும். தாய் வழியில் எத்தனை பேர் இருந்தாலும் கணக்கில்லை! பிள்ளையைப் பத்து மாதம் சுமந்தவள் வெறும் பாத்திரம்; பெயர் கொடுத்தவன்தான் வித்து. சிங்கப்பூரில் 2011 முதல் ஒரு குழந்தைக்குத் தகப்பன் இனம், தாய் இனம் இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளலாமென்று விட்டிருக்கிறார்கள். அது ஒரு படி நல்லது. ஆனால் ஒன்று எழுதினாலும் இரண்டு எழுதினாலும், அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மனிதன் என்று நிற்க முடியாதா என்பதே நமது கேள்வி.

கலப்பில்லாதவன் யார் என்று பார்த்தாலோ ஒருவனும் மிஞ்சமாட்டான். ஐதராபாத்திலுள்ள உயிரணு ஆராய்ச்சி நிலையத்தாரும் அமெரிக்க ஹார்வர்டு சர்வகலாசாலையாரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி 2013-ல் வெளிவந்தது. இந்நாட்டில் ஏறக்குறைய எல்லாக் கூட்டத்தாரும் 4,200 வருஷத்துக்கும் 1,900 வருஷத்துக்கும் இடையில் ஒருவரோடொருவர் கலந்தவர்களே என்றும், அதற்குப் பிறகுதான் தங்களுக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை என்று அடைத்துக்கொண்டார்கள் என்றும் அது காட்டுகிறது. அக்கிரகாரத்திலும் கலப்பு, ஊரிலும் கலப்பு, சேரியிலும் கலப்பு. முதலில் கலந்து, பிறகு கதவைச் சாத்தி, சாத்திய கதவின் பின்னால் நின்று "நான் சுத்தம்" என்று கூவுவதற்குப் பெயர்தான் ஜாதி.

காஞ்சிபுரத்துக்கு அருகிலிருப்பவர்களுக்கு இதை விளக்கப் புத்தகமே வேண்டியதில்லை. கலியாணத்துக்கு ஒரு காஞ்சிபுரம் பட்டுப் புடவை இல்லாமல் முடியாதென்கிறார்கள். பட்டுப்புழு வளர்த்து நூலெடுக்கும் வித்தை சீனாவில் பிறந்தது. இங்கே நெய்யும் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. நெய்வது நம் நெசவாளி. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்த கோர்வைப் புடவைக்குத்தான் மதிப்பு அதிகம். மணப்பெண் உடுத்தும் பட்டு கலப்பாயிருக்கலாமாம். மணப்பெண் கலப்பாயிருக்கக் கூடாதாம்! விருந்தில் ஊற்றுகிற குழம்பின் மிளகாய் அமெரிக்காக் கண்டத்துச் சரக்கு, போர்த்துகீசியன் கொண்டுவந்தது. அதன் குலம் கோத்திரம் கேட்டு யாரும் இலையை விட்டு எழுந்ததில்லை.

உத்திரமேரூருக்கு உலகப் புகழ் தேடித் தந்த கல்வெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலை போட்டுச் சபைக்கு ஆள் எடுத்த விதிகளை அங்கே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். 2020-ல் புதிய பார்லிமெண்டுக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதம மந்திரிகூட அதைப் பெருமையாகச் சொன்னார். பெருமைதான்; கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் வரக்கூடாதென்ற விதி இன்றைக்கும் வேண்டியதுதான். ஆனால் முழுவதையும் படிக்க வேண்டாமா? அது சதுர்வேதிமங்கலத்துச் சபை. கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ள 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆண் பெயர்தான் ஓலையில் ஏறும். தகாதவரோடு சேர்ந்து கெட்டவன் பெயர், பிராயச்சித்தம் செய்துகொள்ளும் வரையில் ஏறாது. அந்த நிலத்தை உழுதவனுக்கும், அவன் பெண்சாதிக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை.

இன்று அந்த விதி போய்விட்டது. நம் கடிதக்காரருடைய மகளும், தம்பி மகளும் கிராமப் பஞ்சாயத்துக்கு ஓட்டுப் போடலாம். 2016 முதல் தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருப்பதால் தலைவராகவும் வரலாம். ஊரை ஆளலாம்; ஊரில் ஒரு வீட்டில் மருமகளாக முடியாது! அரசியல் குடத்தில் எல்லோர் ஓலையும் விழுகிறது. கலியாணக் குடத்தில்தான் இன்னும் 921-ஆம் வருஷத்து ஓலையே கிடக்கிறது. அதில் கைவிடத் துணிந்தவர்களை வெட்டவும் செய்கிறார்கள். 2016-ல் உடுமலைப்பேட்டையில் ஜாதி கடந்து மணந்த ஒரு வாலிபனைப் பட்டப்பகலில் கடைத்தெருவில் வைத்து வெட்டிக் கொன்றதை நாடே பார்த்தது. கலப்பு என்ற சொல் திண்ணையில் வசவாயிருக்கிறது; தெருவில் அரிவாளாகிறது.

இனி நம் கடிதக்காரத் தோழருக்கு. அவர் ஒன்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பிய மறுநாள் தாமே உத்திரமேரூர்க் கடைத்தெருவுக்குப் போய் மகளுக்கு ஒரு வெளுப்புப் பசை வாங்கி வந்ததாகவும், அடுத்த தடவை யாராவது பெண் பார்க்க வந்தால் கூடத்துப் பக்கம் வரவேண்டாமென்று தம்பி மகளிடம் சொன்னதாகவும், அன்று முதல் அந்த இரண்டு பெண்களும் ஒருவரோடொருவர் சரியாய்ப் பேசுவதில்லையென்றும் எழுதுகிறார். தோழரே, வந்தவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து போனார்கள். அவர்கள் விட்டுப்போன அளவுகோலை நீங்கள் எடுத்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டீர்கள். முதலில் அதை வெளியே எறியுங்கள். பசையைக் குப்பையில் போடுங்கள். தம்பி மகளைக் கூடத்தில் உட்கார வையுங்கள். உங்கள் மகளிடம், "நிறம் கம்மி என்று நான் நம்பியது என் தப்பு" என்று வாய் திறந்து சொல்லுங்கள். தகப்பன் மகளிடம் தப்பை ஒப்புக்கொள்வது மானக் குறைவல்ல, அதுவே சுயமரியாதை.

மற்ற வாசகர்களுக்கும் சொல்லுகிறோம். பெண் பார்க்கப் போவதென்ற பெயரால் மாட்டுச் சந்தை நடத்துவதை விடுங்கள். பெண்ணும் பையனும் பேசிப் பார்த்துத் தாங்களே முடிவு செய்யட்டும். விளம்பரத்தில் நிறத்தையும் ஜாதியையும் எழுதாதீர்கள். எழுதியவனுக்குப் பதில் போடாதீர்கள். நிறத்துக்கு ஈடாகப் பவுன் கேட்கிறவனை வாசலோடு அனுப்புங்கள். புரோகிதனும் ஜாதகமும் இல்லாமல், இருவர் மனம் ஒத்து மாலை மாற்றிக்கொண்டால் போதுமென்று 1967-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்லுகிறது. மதம் வேறானால் 1954-ஆம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டம் இருக்கிறது. சட்டம் வாசல் வரையில் வந்து நிற்கிறது. உள்ளே கூப்பிட வேண்டியவர்கள் நாம்தான்.

வாலிபத் தோழர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். அந்த இரண்டு பெண்களும் உங்களிடம் கருணை கேட்கவில்லை. ஒருத்தி படித்திருக்கிறாள், கழனியிலும் வேலை செய்கிறாள், இன்னொருத்தி சம்பாதிக்கிறாள். உங்களை மணக்காவிட்டால் அவர்கள் கெட்டுப்போகப் போவதில்லை. ஆனால் "எங்கள் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள்" என்று தாய் தகப்பன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, மேடையில் மாத்திரம் ஜாதியை ஒழிக்கிற ஒவ்வொரு வாலிபனும், தான் எந்தக் குடத்திலிருந்து ஓலை எடுக்கிறான் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டுமென்று எதிர்பார்க்கிறோம்.